கம்பளிக்கு முன்னால் டீசல்: லெபனானின் சிரிய அகதிகளும் கிறிஸ்தவ உதவி அமைப்புகளும்

கேள்வி இதுதான்: "லெபனானில் கூடாரங்களில் இருக்கும் சிரிய அகதிக் குடும்பங்களுக்குக் கம்பளி வாங்க எங்கள் சபையில் காணிக்கை சேர்க்கிறார்கள். அங்கே காலராவும் பரவியதாகச் சொல்கிறார்கள். கிறிஸ்தவ அமைப்புகள் அங்கே உண்மையில் என்னதான் செய்கின்றன? எல்லாம் மதம் மாற்றுவதற்குத்தான் என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கொடுப்பதானால் எதற்குக் கொடுக்கலாம்?"

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கம்பளிக்குக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் டீசலுக்கும், தார்ப்பாய்க்கும், கழிப்பறைக் குழியை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கும் கொடுத்தால் அந்தப் பணம் இன்னும் நன்றாக வேலை செய்யும். அதையும் டிசம்பரில் கொடுக்காமல் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்தக் கூடாரம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் லெபனான் சேரவில்லை. 1948இல் தற்காலிகமாக வந்த பாலஸ்தீனர்களின் முகாம்கள் இன்றும் அங்கேயே இருப்பதால், 2011இல் சிரியப் போர் தொடங்கியபோது சிரியர்களுக்கு முகாமே கிடையாது என்று அரசு பிடிவாதமாக இருந்துவிட்டது. வந்தவர்களோ லட்சக்கணக்கில். 2015 வாக்கில் ஐ.நா. அகதிகள் முகமையில் பதிவு செய்தவர்கள் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு மே மாதத்தில் புதுப் பதிவையே அரசு நிறுத்தச் சொன்னது. நகரங்களில் வாடகைக்கு அறை பிடிக்க முடியாதவர்கள் பெக்கா பள்ளத்தாக்கிலும் வடக்கே அக்காரிலும் விவசாய நிலத்தில் இடம் பிடித்தார்கள். நிலத்துக்காரருக்கு வாடகை உண்டு. நடுவில் 'ஷாவீஷ்' என்று ஒருவர் இருப்பார். வாடகை வசூலிப்பது, வயல் வேலைக்கு ஆள் அனுப்புவது, உதவி வந்தால் பட்டியல் கொடுப்பது எல்லாம் அவர் கையில்.

கூடாரம் என்று சொல்கிறோமே தவிர, அது மரச்சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்திய ஓர் அறை. சுவருக்குச் சாலையோர விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய பழைய வினைல் துணி. உள்ளே உட்கார்ந்தால் கார் விளம்பரத்தின் பாதி தலைகீழாகத் தெரியும். கூரை பறக்காமல் இருக்க மேலே பழைய டயர்கள். நடுவில் 'சோபியா' எனப்படும், டீசலில் எரியும் இரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். வாசலில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, லாரி வந்து நிரப்பும். சற்றுத் தள்ளி ஒரு கழிப்பறை, அதற்கடியில் ஒரு குழி. பெக்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். எல்லையோர அர்சால் அதற்கும் மேலே, ஏறத்தாழ 1500 மீட்டர். இரண்டு இடத்திலும் பனி விழும்.

ஜனவரியில் அந்தக் குழி நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் 'நோர்மா' என்ற புயல் வந்தபோது நடந்தது அதுதான். லித்தானி ஆற்றுப் பக்கம் வயல்கள் ஏரியாகிவிட்டன. மழைநீர், சேறு, கழிவு மூன்றும் கலந்து படுக்கைக்கு வந்தன. வடக்கே மினியே பகுதியில் ஒரு சிரியச் சிறுமி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். அன்று கம்பளி வைத்திருந்த குடும்பங்களுக்கு மிஞ்சியது நனைந்த கம்பளி. வெயில் வரும்வரை அது காயாது.

"சுவரை ஒழுங்காகக் கட்டிக்கொள்ளலாமே?" என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. அர்சாலில் குளிர் தாங்காமல் பலர் சிமெண்ட் கல் வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஐந்து வரிசைக் கல்லுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2019இல் உத்தரவு வந்தது. ராணுவம் வந்து இடிப்பதற்குள் அவர்களே சுத்தியல் எடுத்துத் தங்கள் சுவரை இடித்துக்கொண்டார்கள். ஆக, எந்த உதவி அமைப்பானாலும் மரம், பிளாஸ்டிக் தாள், ஆணி என்ற எல்லைக்குள்தான் வேலை செய்ய முடியும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதே தார்ப்பாயை மறுபடி கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். நன்கொடை தருகிறவர்கள் "போன வருஷமும் இதைத்தானே கேட்டீர்கள்?" என்று சலித்துக்கொள்வது இங்கே எடுபடாது.

சரி, காலராவுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10 அன்று சிரியா காலரா பரவலை அறிவித்தது. யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடித்ததும், அதைப் பாசனத்துக்கு விட்டதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரு மாதத்துக்குள், அக்டோபர் தொடக்கத்தில், அக்காரில் முதல் நோயாளி. 1993க்குப் பிறகு லெபனான் காலராவையே பார்த்ததில்லை. அகதிகள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது சுலபம்; பரவியதற்கான காரணம் நாட்டுக்குள்ளேயே இருந்தது. 2019இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் அரசு மின்சாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாகக் குறைந்தது. மின்சாரம் இல்லாமல் தண்ணீர் பம்பும் ஓடவில்லை, கழிவுநீர் நிலையமும் ஓடவில்லை. குழாய் வறண்டதும் லெபனானியர்களும் லாரித் தண்ணீருக்கு மாறினார்கள். அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்புகிறது என்று யாருக்குத் தெரியும்?

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீர் வேகமாக இறங்கிப் போவதுதான். சிகிச்சை கிடைக்காவிட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட இறக்கலாம். நேரத்துக்குக் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டே போதும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி. இந்த அளவைக் கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொல்லித்தர ஆள் வேண்டும். உள்ளூர் அரபியில் பேசுகிற, வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடப்படுகிற ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் குடியிருப்பிலேயே வாழும் பெண்களைப் பயிற்சி கொடுத்து இதற்கு அமர்த்துகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் வேலையைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்தின் 'மெடேர்' 2012 முதல் பெக்காவில் இருக்கிறது. அது செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கூடாரக் குடியிருப்புகளை வரைபடத்தில் ஏற்றியது. யாருடைய கணக்கிலும் இல்லாத, இன்று இந்த வயலிலும் அடுத்த மாதம் வேறு வயலிலும் இருக்கிற இடங்கள் இவை. ஜிபிஎஸ் கருவியோடு ஒவ்வோர் இடத்துக்கும் போய், எத்தனை கூடாரம், எத்தனை பேர், கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். அந்தத் தகவலை மற்ற அமைப்புகளும் பயன்படுத்தின. படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்ப முடியாத வேலை இது. வரைபடத்தைப் பார்த்து யாரும் கண்ணீர் விட்டுக் காணிக்கை போடப்போவதில்லை. ஆனால் தொற்று வரும்போது "அந்த ஓடைக்குக் கீழே இன்னும் பன்னிரண்டு கூடாரம் இருக்கிறது" என்று சொல்ல முடிவது இதனால்தான்.

2022 நவம்பரில் 6 லட்சம் டோஸ் வாய்வழித் தடுப்பு மருந்து வந்தபோது, சுகாதார அமைச்சகத்தோடும் ஐ.நா. அமைப்புகளோடும் சேர்ந்து லெபனான் செஞ்சிலுவைச் சங்கம், எல்லைகளற்ற மருத்துவர்கள், உள்ளூர் அமைப்பான அமெல், மெடேர் ஆகியோர் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். உலகம் முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு இருந்ததால் இரண்டு டோஸுக்குப் பதில் ஒன்றே போதும் என்று அந்த அக்டோபரில்தான் விதியை மாற்றியிருந்தார்கள். கவனியுங்கள், இந்தப் பட்டியலில் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று, மற்றவை அப்படியல்ல. மருந்தைச் சொட்டிவிட்ட கை எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தடுப்பு மருந்து நேரம் வாங்கித்தரும், அவ்வளவே. நோயை நிறுத்துவது குளோரின். லாரியில் ஏற்றும்போது தண்ணீரில் குளோரின் சேர்த்தாலும் வழியில் அது குறைந்துகொண்டே போகும். அதனால் கூடார வாசலில் இருக்கும் தொட்டியில் மறுபடி சோதிக்க வேண்டும். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. நிறமே வரவில்லையென்றால் அந்தத் தொட்டித் தண்ணீரை நம்ப முடியாது. மனிதாபிமான உதவிக்கான 'ஸ்பியர்' தரநிலைகள் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று கேட்கின்றன. அதையெல்லாம்விடச் செலவு பிடிப்பது குழியை உறிஞ்சுவது. லாரிக்குக் கூலி, கொட்டுவதற்கு அனுமதி பெற்ற இடம். பணம் தீர்ந்துபோனால் லாரி வராது, குழி வழியும், பக்கத்து ஓடைக்குப் போகும், ஓடை பாசனத்துக்குப் போகும்.

குளிரே நேரடியாகக் கொல்வதும் உண்டு. 2018 ஜனவரியில் மஸ்னா எல்லைக்கருகே மலை வழியாகத் திருட்டுத்தனமாகக் கடக்க முயன்ற சிரியர்களில் குறைந்தது 15 பேர் பனிப்புயலில் உறைந்து இறந்தார்கள். ஆனால் கூடாரத்துக்குள் குளிர் வேறு விதமாக வேலை செய்கிறது. டீசல் வாங்கப் பணமில்லாத வீட்டில் சோபியாவில் என்ன எரியும்? பழைய செருப்பு, பிளாஸ்டிக், துணி. இடுக்கெல்லாம் அடைத்த கூடாரத்தில் அந்தப் புகையைக் குழந்தைகள் இரவு முழுவதும் சுவாசிக்கிறார்கள். இருமல், அப்புறம் நிமோனியா. குழாய் சரியில்லையென்றால் கார்பன் மோனாக்சைடு. ஒரு பொறி பட்டால் வினைல் துணி நிமிடங்களில் எரிந்துபோகும்.

சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் நன்கொடைக் கடிதங்களில் இது வருவதே இல்லை. ஒரே மெத்தையில் ஆறு பேர் ஒட்டிப் படுக்கும் குளிர்காலத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். மருந்தைக் குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். உடையையும் போர்வையையும் சுடுதண்ணீரில் துவைத்துக் காயவைக்க வேண்டும். தண்ணீர் சூடாக்க எரிபொருள் ஏது? காயவைக்க வெயில் ஏது? மாற்றிப் போர்த்த இன்னொரு போர்வை ஏது? நடமாடும் மருத்துவ வண்டி களிம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இரண்டு வாரத்தில் மறுபடி அதே குடும்பம் வரிசையில் நிற்கும். மருத்துவ உதவி, குளிர்கால உதவி என்று இரண்டு தனித்தனித் திட்டம் போடுகிற அமைப்புகள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. களிம்பு, எரிபொருள், மாற்றுப் போர்வை மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே கூடாரத்துக்குப் போனால்தான் சிரங்கு நிற்கும்.

தட்டம்மையும் நெரிசலில் கொழிக்கிற நோய்தான். இடம்பெயர்ந்தவர்கள் கூடும் இடத்தில் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே தடுப்பூசி போடச் சொல்வதும், நோய் வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பதும் வெகுநாளாக உள்ள நடைமுறை. இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. நாளைக்குப் போடலாம் என்று தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இனி மதத்தைப் பற்றிய கேள்வி. கிறிஸ்தவ உதவி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல வகை. கரித்தாஸ் லெபனான் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணி அமைப்பு. அதற்கு மருத்துவ மையங்களும் நடமாடும் மருத்துவ வண்டிகளும் உண்டு. 1980இல் வியட்நாம் படகு அகதிகளின் நிலையைப் பார்த்து, இயேசு சபையின் அப்போதைய தலைவர் பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, பெக்காவில் பிள்ளைகளின் படிப்பில் கவனம் செலுத்துகிறது. வேர்ல்ட் விஷன் பெரிய அளவில் தண்ணீர், சுகாதாரம். மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவின் உதவி அமைப்பான மென்னோனைட் மத்தியக் குழு இன்றும் தன் சபை மக்கள் கையால் தைத்த கனத்த போர்வைகளை மத்தியக் கிழக்குக்கு அனுப்புகிறது. இவற்றோடு, பெயர் வெளியே தெரியாத உள்ளூர்ச் சபைகள்.

1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நடத்தை விதித் தொகுப்பை எழுதின. உதவி தேவையை மட்டும் பார்த்துத் தரப்படும், ஓர் அரசியல் அல்லது மத நிலைப்பாட்டைப் பரப்ப அது பயன்படுத்தப்படாது என்பது அதில் உண்டு. எழுதிய கூட்டத்தில் கரித்தாஸும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றமும் இருந்தன. அதாவது வெளியிலிருந்து யாரும் இவர்கள்மேல் திணித்த விதி அல்ல. பெரிய அமைப்புகள் பெரும்பாலும் இதைப் பின்பற்றுகின்றன. சில சின்ன சபைகளும், சில வெளிநாட்டுக் குழுக்களும் உணவுப் பொட்டலத்தோடு வேதாகமத்தையும் வைக்கிறார்கள் அல்லது ஜெபக் கூட்டம் முடிந்தபின் பொருள் கொடுக்கிறார்கள். இதை நான் தவறென்றே சொல்வேன். குழந்தை குளிரில் நடுங்கும்போது ஜெபத்தில் உட்கார்ந்தால் டீசல் கிடைக்கும் என்றால் எந்தத் தாயும் உட்காருவாள். அவள் தலையசைத்ததை விசுவாசம் என்று எண்ணிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. யாராவது தானாக வந்து "நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்வது வேறு விஷயம்.

ஆனால் குற்றம் சொல்பவர்கள் மறந்துவிடும் ஒரு பக்கமும் உண்டு. பெக்காவின் பெரிய கிறிஸ்தவ நகரம் ஸாஹ்லே. 1981இல் சிரிய ராணுவம் இந்த நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் குண்டு வீசியது. சிரியப் படைகள் லெபனானை விட்டுப் போனது 2005 ஏப்ரலில்தான். அந்த ஊர்ச் சபையில் ஐம்பது அறுபது வயதில் இருக்கும் ஒருவருக்கு சிரியன் என்றால் நினைவுக்கு வருவது பதுங்குகுழி. ஆறே ஆண்டுகளில் அந்த நாட்டு மக்கள் வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறப்பதா என்று சபைகளுக்குள்ளேயே சண்டை வந்தது. திறந்தவர்கள் சிலர், திறக்காதவர்களும் உண்டு. வெறும் ஆள்பிடிக்கும் ஆசையால் மட்டும் இதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்திலேயே அஞ்சார் இருக்கிறது. 1939இல், இன்று துருக்கியில் இருக்கும் மூசா மலையிலிருந்து பெயர்ந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை அங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். முதல் குளிர்காலம் கூடாரத்தில். மலேரியாவிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். அதே பள்ளத்தாக்கில், சில கிலோமீட்டர் தள்ளி பார் எலியாஸில், எழுபது சொச்சம் ஆண்டு கழித்து சிரியக் கூடாரங்கள்.

உதவி எங்கே தடம் மாறுகிறது என்றும் சொல்ல வேண்டும். பெருஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புக்கு ஐந்து குழுக்கள் போர்வை கொடுத்திருக்கும். சேற்றுப் பாதையில் உள்ளே போக வேண்டிய இடத்துக்கு ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். ஷாவீஷ் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பினால் அவருக்கு வேண்டாதவர்கள் விட்டுப்போவார்கள். அகதிக்கு மட்டும் கொடுத்து, பக்கத்திலேயே அதே விலைக்கு டீசல் வாங்க முடியாத லெபனானியக் குடும்பத்தை ஒதுக்கினால் பகை வளரும். 2020 டிசம்பர் 26 அன்று மினியே அருகே பஹ்னீனில் ஒரு தகராறின் முடிவில் ஒரு கூடாரக் குடியிருப்பு முழுவதும் எரிக்கப்பட்டது. அன்று இரவு அந்த அகதிகளைத் தங்கள் வீட்டில் தங்கவைத்ததும் பக்கத்து லெபனானியர்கள்தான். நல்ல அமைப்புகள் ஒவ்வொரு விநியோகத்திலும் உள்ளூர் ஏழைகளுக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுகின்றன.

எனவே உங்கள் சபைக்கு என் யோசனை. துணி சேர்த்துக் கப்பலில் அனுப்பாதீர்கள். சரக்குக் கட்டணம், சுங்கம், தரம் பிரிக்க ஆள் என்று போகும் பணத்தில் அங்கேயே அதைவிட அதிகம் வாங்கலாம். தவிர பெட்டி மார்ச்சில் போய்ச் சேரும். பணமாக, ஏற்கெனவே அங்கே இருக்கிற அமைப்புக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். குளிர்காலப் பொருளை எந்த மாதம் கொள்முதல் செய்கிறீர்கள்? மற்ற அமைப்புகளோடு பட்டியலை ஒப்பிடுகிறீர்களா? குழி உறிஞ்சும் லாரிக்கு யார் பணம் தருகிறார்கள்? குடும்பங்களுக்குப் பணமாகத் தருவதானால் டாலரிலா, லெபனான் பவுண்டிலா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். 2019 வரை ஒரு டாலருக்கு சுமார் 1500 பவுண்டாக இருந்தது பின்னர் 89,000ஐத் தாண்டியது. நடுவில் பவுண்டில் கொடுக்கப்பட்ட உதவி, குடும்பங்களின் உதவிப் பணக் கார்டில் ஏறும்போதே பாதி கரைந்திருந்த காலம் ஒன்று உண்டு.

கம்பளிதான் வாங்குவோம் என்று சபை முடிவு செய்துவிட்டால், எளிதில் காயும் செயற்கை இழைப் போர்வையாக வாங்கச் சொல்லுங்கள். அழகான ஆட்டுரோமக் கம்பளி நனைந்தால் தூக்கக்கூட முடியாது.

2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்த பிறகு நிலைமை மாறியிருப்பதையும் மனதில் வையுங்கள். லட்சக்கணக்கானோர் சிரியாவுக்குத் திரும்பிவிட்டார்கள், இன்னும் லட்சக்கணக்கானோர் லெபனானிலேயே இருக்கிறார்கள். திரும்பியவர்களில் பலருக்குக் கிடைத்தது ஜன்னலும் கூரையும் இல்லாத வீடு, ஓடாத குடிநீர்க் குழாய். அங்கேயும் குளிர் உண்டு, 2022இல் காலரா முதலில் பரவிய இடமும் அதுதான். இதற்கிடையில் 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததில் கிறிஸ்தவ அமைப்புகள் உட்படப் பல அமைப்புகளின் திட்டங்கள் அடிவாங்கின. அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம் எல்லைக்கு அந்தப் பக்கமும் வேலை செய்கிறீர்களா, இந்த ஆண்டு எந்த வேலையை நிறுத்த வேண்டி வந்தது என்று கேளுங்கள். உங்கள் காணிக்கை போக வேண்டிய இடம் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில் இருக்கும்.